ஈயம் உருகும் சூட்டிலும் உருகாது... மண்டை ஓட்டிலும் பொருத்தலாம்! 'பீக்' பிளாஸ்டிக் ஏன் இவ்வளவு விலை?

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயக் கட்டி இளகி, தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பிக்கும் அந்தச் சூட்டில், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக்கை வைத்தால் என்ன ஆகும்? நம் வீட்டு பக்கெட், மூடி, டிபன் டப்பாவெல்லாம் 165 டிகிரி வாக்கிலேயே குழம்பாகியிருக்கும். ஆனால் ஒரு பிளாஸ்டிக் மட்டும் கொஞ்சம் தளர்ந்தாலும் கட்டியாகவே கிடக்கும். அது உருக 343 டிகிரி வேண்டும்.

அதன் பெயர் 'பீக்'. விரித்துச் சொன்னால் பாலி ஈதர் ஈதர் கீட்டோன். பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷம் இருக்காது. பால் தூக்கலான காபி நிறத்தில், தந்தத்துக்கும் சாக்குப் பைக்கும் நடுவே ஒரு வெளிர் பழுப்பு. லேத் பட்டறை மேசையில் கிடந்தால் நைலான் துண்டு என்று நினைத்து நகர்த்தி வைத்துவிடுவோம்.

இந்தப் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேள்விப்படுவது தொழிற்சாலையில் அல்ல, மருத்துவமனையில். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கும், முதுகுத் தண்டில் டிஸ்க் ஆபரேஷன் செய்பவர்களுக்கும் கொடுக்கப்படும் எஸ்டிமேட்டில் 'பீக் இம்பிளான்ட்' என்று ஒரு வரி இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் தொகையைப் பார்த்ததும், "ஒரு பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு?" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நியாயமான கேள்வி. பக்கெட் செய்யும் பாலிப்ரோப்பிலீன் குருணை கிலோ 100 ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. பீக் குருணை கிலோ பல ஆயிரம் ரூபாய். அதுவும் இது தொழிற்சாலை ரகத்தின் கதை. உடம்புக்குள் வைக்கும் ரகம் இன்னும் பல படி மேலே.

காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பிடிவாதம் அதிகம். சூட்டுக்கு அசையாது, ஆசிட்டில் கரையாது, எதோடும் எளிதில் சேராது. அதன் பெருமையும் அதுதான், விலைக்குக் காரணமும் அதுதான். உடம்புக்குள் போனதும் அதன் குறையாக மாறுவதும் அதே குணம்தான்.

*பெயரிலேயே இருக்கு விஷயம்*

எந்தப் பிளாஸ்டிக்கும் ஒரு நீளமான சங்கிலி. சிறுசிறு மூலக்கூறுகள் கை கோத்து ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். பாலிப்ரோப்பிலீன் சங்கிலி நூல் மாதிரி. எந்தப் பக்கமும் வளையும், கொஞ்சம் சூடு பட்டாலே நழுவ ஆரம்பிக்கும்.

பீக் சங்கிலியில் நூலுக்குப் பதில் தட்டையான, விறைப்பான பென்சீன் வளையங்கள். மூன்று வளையங்கள், அவற்றைக் கோக்கும் மூன்று கண்ணிகள். அதில் இரண்டு கண்ணி வெறும் ஆக்ஸிஜன். இதைத்தான் வேதியியலில் 'ஈதர்' என்பார்கள். மூன்றாவது, ஆக்ஸிஜனைச் சுமந்த கார்பன், அது 'கீட்டோன்'. ஈதர், ஈதர், கீட்டோன் என்று பெயர் இரண்டு தடவை திக்குவது போல இருப்பதற்கு இதுதான் காரணம். அச்சுப் பிழை இல்லை!

வளையங்கள் விறைப்பைக் கொடுக்கின்றன. ஈதர் கண்ணிகள் கொஞ்சம் மடங்கிக் கொடுப்பதால் கண்ணாடி மாதிரி பட்டென்று உடைவதில்லை. இந்தச் சங்கிலிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அடுக்கி வைத்த விறகு போல ஒழுங்காகப் படிந்து படிகமாகிவிடுகிறது. அந்தப் படிகத்தைக் கலைக்கத்தான் 343 டிகிரி தேவைப்படுகிறது.

இவ்வளவு உறுதி இருந்தும் எடை குறைவு. ஒரே அளவுள்ள துண்டுகளை எடுத்துக்கொண்டால், இரும்பின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் பீக். அலுமினியத்தில் பாதிக்கும் குறைவு.

*செய்வதுதான் பெரும்பாடு*

இந்த வகைச் சங்கிலிகளை 1960-களிலேயே செய்து பார்த்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். ஒரு பிளாஸ்டிக் சங்கிலி நீளமாக வளர வேண்டுமானால், வளரும் வரை அது ஏதாவது ஒரு திரவத்தில் கரைந்தே இருக்க வேண்டும். இதுவோ எதிலும் கரையாத பிறவி. கொஞ்சம் வளர்ந்ததுமே கரைசலை விட்டு வெளியேறி, மாவு மாதிரி அடியில் படிந்துவிடும். குட்டைச் சங்கிலியில் செய்த பிளாஸ்டிக் தொட்டால் உதிரும், எதற்கும் உதவாது.

முடிச்சை அவிழ்த்தது இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம். 1978-ல் அங்கிருந்த வேதியியலாளர்கள் டைஃபீனைல் சல்ஃபோன் என்ற பொருளைக் கரைப்பானாக எடுத்துக்கொண்டார்கள். சாதாரண அறையில் வைத்தால் இது தூள். சூடாக்கினால்தான் திரவம். 300 டிகிரிக்கு மேல் வைத்தும் கொதித்து ஓடிவிடாமல் நிற்கும். கிட்டத்தட்ட பீக்கே உருகத் தயாராகும் அந்தச் சூட்டில், சங்கிலி கரைந்த நிலையிலேயே நீளமாக வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் 'விக்ட்ரெக்ஸ்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1993-ல் அந்தப் பிரிவு ஐசிஐ-யை விட்டுப் பிரிந்து தனி நிறுவனமாகி, இன்றைக்கும் அதே பெயரில் இங்கிலாந்தின் லங்காஷயரில் பீக் தயாரிக்கிறது.

சரி, விலைக்கு வருவோம். பீக்குக்கு இரண்டு முக்கிய மூலப்பொருள். ஒன்று ஹைட்ரோகுவினோன், ஃபோட்டோ கழுவும் காலத்திலிருந்தே பழக்கமான, அதிக விலை இல்லாத சரக்கு. இன்னொன்று டைஃப்ளோரோ பென்சோஃபீனோன். பெயரில் இருக்கும் 'ஃப்ளோரோ'வைக் கவனியுங்கள். ஃப்ளோரின் சேர்ந்த ரசாயனம் என்றாலே செய்வதும் சிரமம், கையாள்வதும் சிரமம், விலையும் அதிகம். ஒரு கிலோ பீக்குக்கு இது முக்கால் கிலோ தேவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரின் கடைசியில் பீக்கில் இருப்பதே இல்லை. சங்கிலி கோக்கும்போது ஃப்ளோரின் கழன்று, உப்பாக மாறி வெளியேறிவிடும். கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டுக் கிளம்பும் தரகர் மாதிரி! பிறகு அந்த உப்பையும், கரைப்பானையும் பிளாஸ்டிக்கிலிருந்து கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். விலையில் பெரிய பங்கு இந்தக் கழுவலுக்கும் போகிறது.

டெஃப்லான் போன்ற ஃப்ளோரின் பிளாஸ்டிக்குகளுக்கு ஐரோப்பாவில் கட்டுப்பாடு பற்றிய பேச்சு 2023 முதல் சூடாகியிருக்கிறது. அதனால் 'ஃப்ளோரின் இல்லாத' பீக் பக்கம் சில தொழில்கள் திரும்பிப் பார்க்கின்றன. ஆனால் வழுக்கலுக்காக விற்கும் பீக் ரகங்கள் பலவற்றில் டெஃப்லான் தூளைக் கலந்தே விற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. கெகி கார்டா தொடங்கிய கார்டா கெமிக்கல்ஸ் நிறுவனம், குஜராத்தின் பனோலியில் சொந்தமாகவே பீக் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. 2000-களின் நடுவில் பெல்ஜியத்தின் சோல்வே நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கியது. 2023 டிசம்பரில் சோல்வே இரண்டாகப் பிரிந்தபோது இது சையென்ஸ்கோ என்ற புது நிறுவனத்தின் பக்கம் போனது. உலகில் பீக் தயாரிக்கும் நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நாமும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

*எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?*

நம் கண்ணில் படும் இடத்தில் பீக் இருப்பது அபூர்வம். இயந்திரத்தின் உள்ளே, யாரும் பார்க்காத மூலையில் வாஷராக, சீலாக, புஷ்ஷாக உட்கார்ந்திருக்கும்.

எண்ணெய்க் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் அடி ஆழத்தில் அழுத்தம், சூடு, உப்புத் தண்ணீர், இரும்பையே தின்னும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எல்லாம் ஒன்றாக இருக்கும். ரப்பர் சீல் பிதுங்கிப் போகாமல் முட்டுக் கொடுக்கும் வளையம் அங்கே பீக். அது கெட்டால் வளையத்தின் விலை பெரிய விஷயமே இல்லை. குழாய் முழுவதையும் வெளியே இழுக்கும் செலவுதான் கம்பெனியைக் கலங்கடிக்கும். பீக் வாங்கும் தொழில்களின் கணக்கு பெரும்பாலும் இதுதான். பொருளின் விலையைப் பார்க்க மாட்டார்கள், அது உடைந்தால் ஆகும் விலையைப் பார்ப்பார்கள்.

விமானத்தில் ஒயர்களைக் கட்டும் கிளிப், பிராக்கெட் போன்றவற்றில் இது உலோகத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. எடை மட்டும் காரணம் இல்லை. தீப்பிடித்தால் விமானத்துக்குள் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. பீக் எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் வரும் புகை மிகக் குறைவு. இதற்காகத் தனியாக எந்த ரசாயனமும் கலக்கத் தேவையில்லை.

மருந்து கம்பெனி லேபில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு இடம் தெரிந்திருக்கும். மருந்தின் தூய்மையைச் சோதிக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கோடு போட்ட மெல்லிய குழாய்கள் ஓடும். அவை பீக். நிறத்தைப் பார்த்தே குழாயின் உள்துளை அளவைச் சொல்லிவிடலாம். சிப் தொழிற்சாலையிலும் சிலிக்கான் தகட்டை மெருகேற்றும்போது அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையம் பல இடங்களில் பீக்தான். உலோகத் தூசு துளி விழுந்தாலும் சிப் போச்சு என்ற இடத்தில் இது நிம்மதி.

இப்போது பேச்சு அதிகம் அடிபடும் இடம் மின்சார கார். மோட்டார் காயில் கட்டும் கடையில் பார்த்திருப்பீர்கள், செம்புக் கம்பி மேல் மெல்லிசாக எனாமல் பூச்சு இருக்கும். புதிய கார்கள் 400 வோல்ட்டிலிருந்து 800 வோல்ட்டுக்கு மாறுகின்றன. வேகமாக சார்ஜ் ஏற இது உதவும். ஆனால் அந்த அழுத்தத்தில், கம்பிகளுக்கு நடுவே இருக்கும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மின்பொறிகள் வெடித்து எனாமலை அரித்துவிடும். அந்த இடத்தில் எனாமலுக்குப் பதிலாகவோ, அதற்கு மேலாகவோ பீக்கை உறையாக ஏற்றுகிறார்கள். தடிமனாக ஏற்றலாம், வளைத்தாலும் வெடிக்காது.

*'260 டிகிரி தாங்கும்' என்று போட்டிருக்கே?*

பீக் பற்றிய விளம்பரங்களில் தவறாமல் வரும் வாசகம் இது. பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை.

260 டிகிரி என்பது ஆயுளுக்கான எண். அந்தச் சூட்டில் நீண்ட காலம் இருந்தாலும் பீக் கருகி, மக்கி வீணாகாது என்று பொருள். அந்தச் சூட்டில் அதே விறைப்போடு சுமை தாங்கும் என்று பொருள் இல்லை. 143 டிகிரியைத் தாண்டியதும் படிகமாகாத சங்கிலிகள் அசைய ஆரம்பித்துவிடும்; 200 டிகிரியில் விறைப்பில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். கலப்பில்லாத பீக், சுமை வைத்துச் சூடாக்கினால் 150-160 டிகிரியிலேயே வளையத் தொடங்கும். அதே பீக்கில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ 30 சதவீதம் சேர்த்தால் இந்த எண் 300-ஐத் தாண்டும். அதனால் பீக் ராடு வாங்கி கடைசல் போடுபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எந்த ரகம்?' என்பதுதான்.

வேறு பலவீனங்களும் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் மேற்பரப்பு மஞ்சளித்துக் கெடும். அடர் கந்தக அமிலம் கரைத்துவிடும், அடர் நைட்ரிக் அமிலமும் தாக்கும். வார்ப்பதும் எளிதில்லை. பிளாஸ்டிக்கை 400 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அதை ஊற்றும் அச்சும் 170-லிருந்து 200 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அச்சு ஆறியிருந்தால் சங்கிலிகள் அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல், மேல்தோல் கருந்தேன் நிறத்தில் கண்ணாடி போல ஆகிவிடும். நிறம் மாறினால் சரக்கு தோல்வி. சாதாரண இன்ஜெக்ஷன் மோல்டிங் பட்டறையில் இதை நினைத்தவுடன் ஓட்டிவிட முடியாது.

*உடம்புக்குள் எப்படிப் போனது?*

இனி எஸ்டிமேட்டில் பார்த்த அந்த வரிக்கு வருவோம்.

எலும்புக்கு ஒரு குணம். சுமை இருந்தால் வளரும், சுமை இல்லாவிட்டால் கரையும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 19-ம் நூற்றாண்டிலேயே சொன்னது இது. எலும்புக்குப் பக்கத்தில் அதைவிட மிக விறைப்பான உலோகத்தை வைத்தால், சுமையை முழுக்க உலோகமே வாங்கிக்கொள்ளும். எலும்பு வேலையில்லாமல் மெலியும். விறைப்பை 'கிகாபாஸ்கல்' என்ற அலகில் அளப்பார்கள். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி சுமார் 18. டைட்டானியம் கலவை 110. பீக் 4-க்குள். கார்பன் இழை சேர்த்த பீக்கை எலும்புக்கு ரொம்பவே அருகில் கொண்டுவர முடியும்.

இரண்டாவது காரணம் எக்ஸ்ரே. முதுகெலும்பில் கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பெட்டி போன்ற 'கேஜ்' வைத்து, மேல் கீழ் எலும்புகள் ஒன்றாக வளர விடுவார்கள். டைட்டானியம் கேஜ் என்றால் எக்ஸ்ரேயில் வெள்ளையாக மறைக்கும். எலும்பு வளர்ந்ததா என்று உள்ளே பார்ப்பது கஷ்டம். பீக் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. எவ்வளவு தெரியாது என்றால், அது எங்கே இருக்கிறது என்று டாக்டருக்கே அடையாளம் காட்ட, குட்டியாக டான்டலம் உலோகப் புள்ளிகளை அதில் பதிக்க வேண்டியிருக்கிறது! புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இந்தக் குணம் உதவும். உலோகம் போலக் கதிரைத் தடுமாற வைக்காது.

விக்ட்ரெக்ஸின் மருத்துவப் பிரிவு, நீண்ட காலம் உடம்புக்குள் வைக்கும் பீக் ரகத்தை 1999-ல் கொண்டுவந்தது. அதன் பிறகு முதுகெலும்பு கேஜ்களில் பீக் வேகமாகப் பரவியது.

மண்டை ஓடு கதை வேறு. விபத்திலோ பக்கவாதத்திலோ மூளை வீங்கினால், உயிரைக் காப்பாற்ற மண்டை ஓட்டின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, வீக்கத்துக்கு இடம் கொடுப்பார்கள். அந்தத் துண்டை ஃப்ரீசரில் வைப்பார்கள். அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பத்திரப்படுத்துவார்கள். வீக்கம் வடிந்ததும் திரும்பப் பொருத்துவதுதான் முதல் வழி. சொந்த எலும்பை விடச் சிறந்த இம்பிளான்ட் எது? ஆனால் சிலருக்கு அந்தத் துண்டு நொறுங்கியிருக்கும், சிலருக்குக் கிருமி தொற்றியிருக்கும், சிலருக்குப் பொருத்திய பிறகு மெல்லக் கரைந்துவிடும். அப்போதுதான் செயற்கைத் துண்டு பற்றிய பேச்சு வரும். சிடி ஸ்கேனை வைத்து, தலையின் மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, அந்த ஆளுக்கென்றே அளவெடுத்த பீக் துண்டைக் கடைந்தோ 3டி பிரின்டரிலோ செய்கிறார்கள். உலோகம் போல வெயிலில் சூடேறாது, குளிரில் சில்லிடாது.

*எலும்போடு ஒட்டாத சிக்கல்*

அந்தப் பிடிவாதம் இடறுவது இங்கேதான். டைட்டானியத்தின் மேல் எலும்பு செல்கள் நேரடியாக ஒட்டி வளரும். பீக் மேல் ஒட்டாது. ஆசிட்டோடு சேராதது எலும்போடு மட்டும் சேருமா? உடம்பு அதைச் சுற்றி மெல்லிய நார்த் திசுவை வளர்த்து ஒதுக்கி வைத்துவிடும். கேஜ் விஷயத்தில் இது சின்னக் குறை இல்லை. எலும்பு கூட வேண்டும் என்பதற்காகத்தானே ஆபரேஷன்?

அதனால் பீக்கின் மேல் டைட்டானியம் பூச்சு ஏற்றுவது, எலும்பிலேயே உள்ள ஹைட்ராக்ஸிஅபடைட் தாதுவைக் கலப்பது, மேற்பரப்பைக் கடற்பஞ்சு போலத் துளைத்துளையாகச் செய்வது என்று வழிகள் வந்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் டைட்டானியமும் சும்மா இருக்கவில்லை. 3டி பிரின்டரில் வலை போலச் செய்யும் டைட்டானியம் கேஜ்கள் முன்பு போல விறைப்பாகவும் இல்லை, எக்ஸ்ரேயை அவ்வளவாக மறைப்பதும் இல்லை. ஆக, 'பீக்தான் லேட்டஸ்ட், அதனால் பெஸ்ட்' என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மண்டை ஓட்டுக்கும் டைட்டானியம் வலை உண்டு, செலவு குறைவாக முடிக்க போன் சிமென்ட்டும் உண்டு. துளை சிறியதா பெரியதா, நெற்றிப் பக்கமா பின்பக்கமா, முன்பு தொற்று வந்ததா என்பதைப் பொறுத்து டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். நெற்றி போன்ற வடிவம் முக்கியமான இடத்தில் பீக்கின் கூடுதல் செலவுக்கு அர்த்தம் இருக்கலாம். முடிக்குள் மறையும் சின்னத் துளைக்கு அதே செலவு வேண்டுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

*எஸ்டிமேட்டில் 'பீக்' இருந்தால் என்ன கேட்கலாம்?*

முதலில், சொந்த எலும்புத் துண்டைத் திரும்ப வைக்க முடியாதா, ஏன் என்று கேளுங்கள். அடுத்து, டைட்டானியம் வைத்தால் செலவு எவ்வளவு குறையும், இந்த நோயாளிக்கு அதனால் என்ன இழப்பு என்று கேளுங்கள். முதுகெலும்பு கேஜ் என்றால், அது வெறும் பீக்கா, பூச்சு ஏற்றியதா என்று கேளுங்கள்.

முக்கியமான இன்னொன்று, அது இம்பிளான்ட் ரகம்தானா என்பது. 3டி பிரின்டருக்கான பீக் கம்பி இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது. கண்ணால் பார்த்தால் தொழிற்சாலை ரகமும் மருத்துவ ரகமும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தூய்மையிலும், உடம்புக்கு ஒத்துப்போகுமா என்ற சோதனைகளிலும் இருக்கிறது. அறுவை சிகிச்சை பீக்குக்கென்றே ஏஎஸ்டிஎம் எஃப் 2026 என்ற தர விதி உண்டு. உடம்போடு ஒத்துப்போகும் சோதனைக்கு ஐஎஸ்ஓ 10993. பெட்டியின் மேலோ உள்ளிருக்கும் தாளிலோ இந்த எண்களைக் காட்டச் சொல்லலாம்.

ஆபரேஷன் முடிந்ததும் இம்பிளான்ட் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கம்பெனி பெயர், லாட் நம்பர், அளவு எல்லாம் அதில் இருக்கும். பீக் எம்ஆர்ஐ ஸ்கேனுக்குத் தொந்தரவு கொடுக்காது என்றாலும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்க்ரூவும் பிளேட்டும் உலோகமாக இருக்கலாம். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போனாலும், டெக்னீஷியன் முதலில் கேட்கப்போவது அந்த ஸ்டிக்கரைத்தான்.